மூட வேண்டியிருந்த வால்வு

மொழிபெயர்ப்புத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் ஒரு பெண் போன மாதம் எனக்குப் போன் செய்தாள். மறுநாள் அவளுக்கு ஒரு கம்பெனிக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பு வேலை. இத்தாலி மொழியில் இறந்தகாலம் இரண்டு இருக்கிறதே, எந்த இடத்தில் எது வரும் என்று சுருக்கமாக ஒரு விதி சொல்லுங்கள் என்று கேட்டாள். சொன்னேன். செய்து முடித்ததற்கு ஒன்று. அப்போது நடந்துகொண்டிருந்ததற்கும் வழக்கமாக நடந்ததற்கும் இன்னொன்று. நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் வைத்த பிறகுதான் எனக்கு உறுத்தியது. அந்த விதி எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். தெரிந்திருந்தும், அந்த இரண்டு காலங்களுக்கு நடுவில் ஒரு மனிதரைக் கொண்டுபோய் நிறுத்தியவள் நான். விதியை மட்டும் சொல்லி அவளை அனுப்பியது சரியில்லை என்று தோன்றியது. அதனால் இதை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலேசியாவில் ரெம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். பள்ளி முடிந்ததும் கன்னியர் மடத்தில் சேர்ந்தேன். மடம் என்னை வட இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பியது. அங்கே எட்டு வருடம் வேலை. பிறகு மடத்தை விட்டு வெளியே வந்து, ஊர் திரும்பி, தெமியாங்கில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பாளராக வயிறு கழுவினேன். தமிழ், மலாய், இத்தாலி மூன்றும் பேசத் தெரிந்த ஆள் இந்த மாநிலத்தில் நான் ஒருத்திதான் என்று ஒரு காலத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தின் மேல்தான் நீங்கள் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

முதியோர் இல்லத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் போய் ஒரு வருடம்கூட ஆகாத நேரம். ஒரு பெரியவருக்கு மாலை நான்கு மணிக்கு இதய மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு. அன்றைக்கு அவருடைய மகள் பார்க்க வந்திருந்தாள். அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தலைமை நர்ஸ் வந்து மாத்திரை என்ன ஆயிற்று என்று கேட்டார். கொடுக்க வேண்டியிருந்தது, ஆனால் விருந்தாளி இருக்கிறார் என்று சொல்ல நினைத்தேன். அதற்கு ‘தொவேவோ’ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ‘ஓ தொவூத்தோ’ என்றேன். தமிழில் இரண்டுக்குமே கொடுக்க வேண்டியிருந்தது என்றுதான் சொல்வோம். இத்தாலியில் முதலாவதைச் சொன்னால் அது என் கடமையாக இருந்தது, செய்தேனா இல்லையா என்பது இன்னும் தெரியாது. இரண்டாவதைச் சொன்னால் வேறு வழியில்லாமல் செய்துவிட்டேன் என்று அர்த்தம். நான் மீதியைச் சொல்வதற்குள் நர்ஸ் அட்டையில் கொடுத்தாயிற்று என்று கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார். மகள் போனதும், அட்டையில் இருந்த கோட்டைப் பார்த்து நர்ஸே கொடுத்துவிட்டார் போல என்று நானும் விட்டுவிட்டேன். இரவு உணவு மேசையில் பெரியவர் மயங்கிச் சாய்ந்தார்.

அவர் பிழைத்துக்கொண்டார். நர்ஸ் என்னைத் திட்டவில்லை. மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஒன்றே ஒன்று சொன்னார். ‘தொவேவோ’ என்றால் கதை பாதியில் நிற்கிறது, கேட்டவர் உடனே ‘எ பொய்?’ என்று கேட்டாக வேண்டும். அப்புறம் என்ன ஆயிற்று என்று அதற்குப் பொருள். ‘தொவூத்தோ’ என்றால் கதை முடிந்துவிட்டது, யாரும் மேலே கேட்க மாட்டார்கள். நீ முடியாத கதையை முடிந்ததாகச் சொன்னாய், அதனால் நான் கேட்கவில்லை என்றார்.

அந்த ‘எ பொய்’ நம் காதில் வேறு மாதிரி விழும். இந்தத் தொழிலுக்கு அப்படி விழுவதும் நல்லதுதான்.

முதலில் சொன்னேனே, அந்த மனிதர் வேலை செய்த பாமாயில் ஆலைக்கு இனி வருகிறேன். கோலா கிளாவாங் போகும் மலைப்பாதையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் அது இருந்தது. செம்பனைக் குலைகளை ஆவியில் அவிப்பதற்கு அங்கே இரண்டு பெரிய இரும்பு உருளைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஆள் நிமிர்ந்து நடக்கலாம். பாய்லரிலிருந்து ஒரே ஆவிக்குழாய் வந்து இரண்டாகப் பிரியும். பாய்லர் பக்கத்தில் ஒரு பெரிய வால்வு. ஒவ்வொரு உருளையின் தலையிலும் ஒரு கை வால்வு. இவ்வளவு தெரிந்தால் போதும்.

உருளைகளுக்குப் புதுக் கதவு பொருத்த இத்தாலியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்திருந்தார். சாந்த்ரோ என்று பெயர். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். அவர் வேலை செய்த மூன்று வாரமும் உருளைத் தலையில் இருந்த கை வால்வுகள் அவர் பொறுப்பில் இருந்தன.

ஒரு காலை, முதல் உருளைக்குள் சிக்கியிருந்த குலைகளை எடுக்கத் தனபால் என்ற தொழிலாளி உள்ளே இறங்கினார். அந்த நேரத்தில் இரண்டாவது உருளைக்கு ஆவி வேண்டும் என்று மணி அடித்தது. பாய்லர் பக்கம் இருந்த ஆறுமுகம் பெரிய வால்வைத் திறந்தார். முதல் உருளையின் கை வால்வு மூடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அது திறந்திருந்தது. தனபால் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார்.

தனபாலின் மனைவி செல்வி, ஆறுமுகத்தின் கூடப் பிறந்த தங்கை.

தனபாலை அடக்கம் செய்து இரண்டு நாள் கழித்து ஆலை நிர்வாகம் உள் விசாரணை வைத்தது. தமிழ் பேசும் ஆறுமுகத்துக்கும் இத்தாலி பேசும் சாந்த்ரோவுக்கும் நான் ஒருத்தியே மொழிபெயர்ப்பாளர். மேனேஜர் தன் காரையே அனுப்பி என்னை அழைத்துவந்தார். குளிரூட்டிய அறை, எனக்கு மட்டும் மெத்தை வைத்த நாற்காலி. நான் உட்கார்ந்ததும் களைப்பாக இருக்கிறீர்களே, இதை மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று பரிவோடு சொன்னார். வேலைக்கு அழைத்தவர் உங்கள் களைப்பைப் பற்றி உங்களுக்கு முன்னால் கவலைப்பட்டால், உடனே நிமிர்ந்து உட்காருங்கள். நான் அன்றைக்குச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

முதலில் ஆறுமுகம். கைகளைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேசினார். அவர் பேசியதைப் பத்து நிமிடத்தில் மலாயில் சொல்லி முடித்தேன். தாய்மொழிதானே, யோசிக்க ஒன்றுமில்லை.

பிறகு சாந்த்ரோ. அந்த ஆள் உள்ளே போவதற்கு முன் வால்வை என்ன செய்தீர்கள் என்று மேனேஜர் கேட்டார். சாந்த்ரோ ஒரே வாக்கியம் சொன்னார். அவர் உள்ளே போவதற்கு முன் நான் வால்வை மூட வேண்டியிருந்தது. நான் மலாயில் ‘சாயா கெனா துத்துப்’, நான் கட்டாயம் மூட, என்றேன். ‘கெனா’ நம் தமிழ்ப் பேச்சிலேயே புழங்குகிற சொல், கட்டாயம் என்று பொருள். மலாய் வினைக்குக் காலம் கிடையாது. பக்கத்தில் இன்னொரு சொல்லை வைத்தால்தான் நடந்ததா, நடக்கவில்லையா என்று தெரியும். நான் எதையும் வைக்கவில்லை.

மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, ஆக அவர் மூடிவிட்டார், அப்படித்தானே என்றார். நான் தலையாட்டினேன். விசாரணையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஆபீஸ் கிராணி ‘சுடா துத்துப்’, மூடியாயிற்று, என்று தட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஒரு தலையாட்டலின் விளைவைப் பாருங்கள். இத்தாலிக்காரர் வால்வை மூடியிருக்கிறார். விபத்துக்குப் பிறகு அது திறந்து கிடந்தது. அப்படியென்றால் நடுவில் யாரோ திறந்திருக்க வேண்டும். அந்தக் காலையில் முதல் உருளையின் படிக்கட்டு வழியாக நடந்து போனவர் ஆறுமுகம் ஒருவர்தான். நிர்வாகத்தின் அறிக்கை அவரை நேராகக் குற்றம் சொல்லவில்லை. நடந்து போனார் என்று மட்டும் எழுதியிருந்தது. அது போதுமாயிருந்தது. அறிக்கையைக் குடும்பத்தாரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார்கள். அன்று முதல் செல்வி அண்ணனோடு பேசவில்லை. தோட்டத்தில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். மச்சானுக்கும் ஆறுமுகத்துக்கும் ஏற்கெனவே மனக்கசப்பு இருந்ததாம், ஒரு கல்யாண வீட்டில் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். சந்தேகம் வந்துவிட்டால் பழைய நாட்களெல்லாம் வேறு நிறமாகத் தெரிகின்றன.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு முற்பகல் செல்வி தெமியாங்கில் என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும், இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. யார் என்று சொன்னதும் என் முதல் எண்ணம், யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதுதான். வக்கீலாக இருக்கலாம், நிர்வாகமே என் வாயைக் கிளறிப் பார்க்க அனுப்பியிருக்கலாம். கேட்டைத் திறந்தேனே தவிர வீட்டுக்குள் கூப்பிடவில்லை. விசாரணையில் கேட்டதை வெளியே பேசக் கூடாது என்று சொன்னேன்.

அவர் தகராறு செய்யவில்லை. அறிக்கையைத்தான் எங்களுக்கே படித்துக் காட்டிவிட்டார்களே, அதில் உள்ள ஒரு வாக்கியத்தை மட்டும் அந்த ஆள் சொன்னபடியே தமிழில் சொன்னால் போதும் என்றார். அண்ணன் அந்தக் கை வால்வைத் தொடவேயில்லை என்று சத்தியம் செய்கிறாராம். யாரை நம்புவது என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை என்றார்.

அவருக்குத் தெரிந்த வாக்கியம்தானே என்று எண்ணி, தமிழில் சொன்னேன். “அவர் உள்ளே போறதுக்கு முன்னாடி நான் வால்வ மூட வேண்டியிருந்துச்சு.”

செல்வி அந்தக் கடைசிச் சொல்லைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“மூட வேண்டியிருந்துச்சுன்னா, மூடுனானா மூடலையாக்கா?”

மருந்து அலமாரியின் பக்கத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்த அந்தக் கேள்வியை, நான் கேட்கத் தவறிய அந்த ஒரே கேள்வியை, இத்தாலி மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத பெண் என் வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டார்.

அவரிடம் நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்வது சுலபம், அதற்குப் பிறகு அவர் என்ன செய்வார், யாரிடம் போவார் என்று தெரியாது. எனக்கு இரண்டு நாள் வேண்டும், அதுவரை இதை யாரிடமும் பேசாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். என்னை நம்பாத ஒரு பார்வையோடுதான் போனார். சரியான பார்வைதான்.

உள்ளே வந்து என் குறிப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். சாந்த்ரோவின் பெயருக்குக் கீழே அந்த வினையின் முதல் எழுத்தையும் ‘வால்வு மூட’ என்பதையும் எழுதியிருந்தேன். முதல் எழுத்து இரண்டு காலத்துக்கும் ஒன்றுதான். அவர் சொன்னது எது? ‘தொவேவோ’ என்று என் காதில் இப்போது ஒலிக்கிறது. ஆனால் இப்போது எனக்கு அப்படி ஒலிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறதே. நானும் தோட்டத்துப் பெண். வாசலில் நின்ற செல்வியின் தேய்ந்த செருப்பைப் பார்த்த பிறகு என் காது நியாயமான காது இல்லை. அன்று பகல் முழுவதும் என் ஞாபகத்தையே குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். கடைசியில் ஒன்றுதான் உறுதியாகத் தெரிந்தது. எனக்கு உறுதியாகத் தெரியாது என்பது.

அதையே எழுதினேன். தொழிற்சாலை விபத்துகளை விசாரிக்கும் அரசு அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம். சாந்த்ரோ மூடவில்லை என்று நான் எழுதவில்லை. அந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு, அன்று நான் கேட்டுத் தெளிந்திருக்க வேண்டும், கேட்கவில்லை, பதிவில் உள்ள ‘மூடியாயிற்று’ என்பது சாட்சியின் சொல் அல்ல என்று எழுதினேன்.

அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, புவான் என்று எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். மறுநாளே என்னை வரச் சொன்னார். கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு, எந்த ஊரில் பிறந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தோட்டமா என்றார். ஆமாம் என்றேன். இறந்தவரின் மனைவி உங்களை வந்து பார்த்தாரா என்றார். பார்த்தார் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தால் அதையேதான் நினைத்திருப்பேன். நீங்கள் என்னைச் சந்தேகப்படுவது நியாயம், அதனால் நான் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டாம், சாந்த்ரோ ஊருக்குப் போவதற்கு முன் நீங்களே அவரைக் கேளுங்கள், ஒலிப்பதிவு செய்யுங்கள், பிறகு வேறு யாரிடமாவது கொடுத்துச் சரிபாருங்கள் என்றேன். சாந்த்ரோவின் விமானம் சனிக்கிழமை. அதிகாரி வெள்ளிக்கிழமை காலைக்கு நாள் குறித்தார். நிபந்தனை ஒன்று போட்டார். அவர் கொடுக்கும் கேள்வியைத் தவிர நான் ஒரு சொல்கூடக் கூட்டக் கூடாது. அந்த நிபந்தனை எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அந்த அறையில் அதிகாரி, சாந்த்ரோ, மேனேஜர், நான். ஒலிப்பதிவுக்கு மேசை நடுவில் ஒரு போன். மேனேஜர் இந்த முறை எனக்கு வணக்கம் சொல்லவில்லை. அதிகாரி வால்வைப் பற்றிக் கேட்கவேயில்லை. அன்று காலை ஆலைக்குள் வந்ததிலிருந்து நீங்கள் உங்கள் கையால் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள் என்றார். கெட்டிக்காரப் பெண்மணி. நான் அப்படியே கேட்டேன்.

சாந்த்ரோ சொல்லச் சொல்ல நான் மலாயில் சொன்னேன். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். விளக்குப் பலகையைப் பார்த்தேன். தாளில் கையெழுத்துப் போட்டேன். கதவின் ரப்பரைத் துடைத்தேன். தனபாலோடு சைகையில் பேசினேன். வால்வை எப்போதும் நான்தான் மூடுவேன். பிறகு ஆபீசுக்குப் போனேன்.

கேட்டீர்களா? பார்த்தேன், போட்டேன், துடைத்தேன், பேசினேன், போனேன். நடுவில் ஒரே ஒரு மூடுவேன். மற்ற எல்லாமே முடிந்த காலத்தில் வந்தன. வால்வுக்கு மட்டும் வழக்கத்தைச் சொல்லும் காலம், ‘கியூதேவோ’. அன்றைக்கு மூடினார் என்றால் ‘ஓ கியூசோ’ என்று மற்றவற்றோடு சேர்ந்து வந்திருக்கும். வேண்டுமென்றே சொன்னாரா, நாக்கு தானாகவே அந்த இடத்தில் விலகிப்போனதா என்று எனக்குத் தெரியாது. பொய் சொல்லத் துணியாதவர்களுக்கு வழக்கத்தைச் சொல்லும் காலம் நல்ல ஒளிவிடம். எல்லா மொழியிலும்.

மலாயில் ‘செலாலு’, எப்போதும், என்ற சொல்லைச் சேர்த்துச் சொன்னேன். பிறகு கையை உயர்த்தி, மொழிபெயர்ப்பாளராக ஒரு குறிப்புச் சொல்ல அனுமதி கேட்டேன். அதிகாரி தலையசைத்தார். இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் சாட்சி வழக்கத்தைச் சொல்கிறார், அன்றைய தினத்தைச் சொல்லவில்லை என்றேன். மேனேஜர் குறுக்கிட்டு, இது இலக்கண வகுப்பா என்றார். அதிகாரி அவர் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கு என்று மட்டும் கேளுங்கள் என்றார்.

நான் கேட்டேன். சாந்த்ரோ இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்தார்.

“அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார்கள்” என்றார். “பார்வையாளர்கள் வந்திருந்தார்கள், கதவுக்கு முன்னால் படம் எடுக்க வேண்டும், சீக்கிரம் வா என்று போன் வந்தது. அன்றைக்கு நான் மூடவில்லை.”

கடைசி வாக்கியம் முடிந்த காலத்தில் இருந்தது. நான் அதை மலாயில் சொன்னபோது மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். போன் செய்தது யார் என்று அதிகாரி அடுத்ததாகக் கேட்டார். அதற்குச் சாந்த்ரோ மொழிபெயர்ப்பு தேவைப்படாத பதிலைக் கொடுத்தார். விரலை நீட்டினார்.

வெளியே நடைவழியில் சாந்த்ரோ என்னிடம் வந்தார். அவர் கண் சிவந்திருந்தது. “சின்யோரா, அன்றைக்கு நான் ‘தொவேவோ’ என்றுதான் சொன்னேன். நீங்கள் மேலே கேட்கவில்லை” என்றார்.

நான் கேட்பேன் என்று காத்திருந்த நேர்மையான மனிதரா, கேட்கமாட்டேன் என்று என்னை எடைபோட்டு அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவரா? மூன்று வாரம் இங்கே இருந்தவருக்கு ‘சுடா துத்துப்’ என்றால் என்னவென்று தெரியாமலா இருந்திருக்கும்? கடைக் கதவிலெல்லாம் அந்தத் ‘துத்துப்’ தொங்குகிறதே. கிராணி அதைப் படித்தபோது ஏன் பேசாமல் இருந்தார்? நான் அவரை மன்னித்த நாளும் உண்டு, மன்னிக்காத நாளும் உண்டு. ஆனால் அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை.

அதிகாரியின் அறிக்கை வந்தது. வால்வு மூடப்படவேயில்லை, ஆறுமுகம் அதைத் தொட்டதற்கு எந்தச் சான்றும் இல்லை, உள்ளே ஆள் இருக்கும்போது வால்வைப் பூட்டும் ஏற்பாடே ஆலையில் கிடையாது என்று தெளிவாக எழுதியிருந்தது. மேனேஜர் வேறு எங்கோ மாற்றப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த நிர்வாகம் என்னை மறுபடி வேலைக்குக் கூப்பிடவில்லை. அதிகாரி கூப்பிட்டார்.

இங்கே நிறுத்தினால் என் தவறை நானே திருத்திய கதையாக முடிந்துவிடும். அப்படி முடியவில்லை.

அறிக்கையின் பிரதியை எடுத்துக்கொண்டு ஆறுமுகத்தைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற பழைய லயத்தின் கடைசி வீடு. அவர் மனைவி நாற்காலி போட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். என் தலையாட்டல் வரைக்கும் சொன்னேன். தனபாலின் பதினாறாம் நாள் காரியத்தில் ஆறுமுகம் தங்கை வீட்டு வாசலுக்கு வெளியே மாலைவரை நின்றுவிட்டுத் திரும்பிவந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் சொல்லவில்லை, மனைவி சொன்னார். ஆறுமுகம் என் மேல் கோபப்படவில்லை. அறிக்கையில் தான் சொன்னதை எழுதியிருக்கிறார்களா, அதைப் படியுங்கள் என்றார்.

உள் விசாரணையில் நான் மலாயில் சொல்லி, அப்படியே அதிகாரியின் அறிக்கைக்குள்ளும் போயிருந்த பகுதி அது. தமிழில் படித்தேன். மணி அடித்தது. நான் திறந்தேன். பிறகு மூடினேன்.

“அப்படியா எழுதியிருக்கு?” என்றார்.

“ஆமா. ஏன்?”

“நான் அப்படிச் சொல்லலக்கா. தெறந்துக்கிட்டிருந்தேன்னு சொன்னேன். அந்த வால்வு ஒரேயடியா தெறக்காது, சுத்திக்கிட்டே இருக்கணும். பாதிகூட வரல, உள்ளேருந்து சத்தம் கேட்டுச்சு. கேட்டதும் மூடிட்டேன். கை வெந்துபோச்சு, பாருங்க.” உள்ளங்கையைக் காட்டினார். தோல் இன்னும் சரியாக ஆறியிருக்கவில்லை.

அந்தக் கையை அவர் அன்றைக்குத் தொடைக்கு நடுவில் இடுக்கி வைத்திருந்தார். நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. இத்தாலி வினைக்காக நாள்கணக்கில் தூக்கம் கெட்டவள், என் சொந்த மொழியில் அவர் சொன்ன ‘திறந்துகொண்டிருந்தேன்’ என்பதை ஒரு ‘பூக்கா’வாக, வெறும் திறந்தேனாக, நறுக்கிக் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன். நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் ‘செடாங்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் போதும். மலாயில் அந்தச் சொல் இருக்கிறது. எனக்குத்தான் அது தோன்றவில்லை. தமிழை நான் சந்தேகப்படவேயில்லை.

குற்றம் யார் பேரில் என்ற கேள்விக்கு இந்த வித்தியாசம் இனிமேல் தேவையில்லை. அறிக்கை முடிந்துவிட்டது. சும்மா விட்டிருக்கலாம். ஆனாலும் மறுநாள் அதிகாரியிடம் போனேன். அவர் நீண்ட பெருமூச்சு விட்டார். ஆறுமுகத்தை வரவழைத்து, கேட்டு, ஒலிப்பதிவு செய்து, ஒரு திருத்தத் தாளை அறிக்கையோடு இணைத்தார். கீழே அதிகாரியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்து. இந்த முறை மூன்று தரம் படித்துவிட்டுப் போட்டேன்.

அந்தத் தாளின் பிரதியை அதிகாரியின் அனுமதியோடு செல்வியிடம் கொண்டுபோனேன். அதே லயத்தில் இருந்த தன் வீட்டில் அவர் சாமான்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார். மகனோடு சிரம்பானுக்குக் குடிபோகிறாராம். உருளையின் கை வால்வை அண்ணன் தொடவில்லை என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். அது தெரிந்தும் அவர் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. பாய்லர் வால்வைத் திறந்தது அண்ணன்தானே. திறந்தேன், பிறகு மூடினேன் என்றால், அந்தப் ‘பிறகு’ எவ்வளவு நேரம்? அதை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

நின்றபடியே படித்துக் காட்டினேன். திறந்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. கேட்டதும் மூடிவிட்டேன். கை வெந்தது.

“இன்னொரு தடவ படிங்கக்கா.”

படித்தேன்.

“இது அண்ணன் சொன்னதா, நீங்க சேத்ததா?”

“அவர் சொன்னது. அவர் குரல்லயே பதிவு இருக்கு. ஆபீசுல போயிக் கேக்கலாம்.”

செல்வி தாளை வாங்கி, எழுத்துகளைப் பார்த்தார். மலாயில் இருந்தது. அவருக்கு மலாய் நன்றாகவே படிக்க வரும். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். ‘செடாங்’கில் விரல் நின்றது. பிறகு தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பாதி கட்டிய பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் லயத்தின் கடைசி வீட்டை நோக்கி நடந்தார்.